பிறந்த நாடு என்னும் கட்டம்: ரொறன்ரோத் தமிழர் நிரப்பும் படிவங்களை முன்வைத்து

கேள்வி

ரொறன்ரோவில் குடியேறிய ஒருவர் நிரப்பும் படிவங்களில் பெயரையும் பிறந்த திகதியையும் அடுத்து வந்து நிற்பது பெரும்பாலும் பிறந்த நாடு. நிரந்தர வதிவிட விண்ணப்பம், பிள்ளையின் பள்ளிப் பதிவு, கடவுச்சீட்டு, ஐந்தாண்டுக்கு ஒருமுறை வரும் குடிசன மதிப்பீடு எனப் பல இடங்களில் அந்தக் கட்டம் இருக்கிறது. 2021ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி ரொறன்ரோ பெருநகரப் பகுதியில் வாழ்வோரில் 46.6 சதவீதத்தினர் குடிவரவாளர்கள். கனடா முழுவதையும் எடுத்துக்கொண்டால் அது 23 சதவீதம். வேறு நகரங்களில் சிறுபான்மையினர் மட்டும் தடுமாறும் கட்டம் இங்கே ஊரில் பாதிப்பேரின் பிரச்சினை.

படிவம் வடிவமைப்போர் பலர் இதை எளிய விபரமாகவே கருதுகிறார்கள். நாடுகளின் பட்டியலொன்றை எடுத்து ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது என்பது பரவலான நடைமுறை. தமிழர் அனுபவத்தோடு வைத்துப் பார்த்தால் வேலை அத்தோடு முடிவதில்லை. பிறந்த மண் எது, அப்போது அதை ஆண்ட அரசு எது, அந்தப் பிறப்பால் கிடைத்த அல்லது கிடைக்காமற்போன குடியுரிமை எது, தன்னை எந்த மக்களோடு சேர்த்து எண்ணுகிறார் என்ற நான்கு கேள்விகளை அந்த ஒற்றைக் கட்டம் ஒன்றாய்க் கட்டி வைத்திருக்கிறது. நான்கிற்கும் ஒரே விடை உள்ளவருக்கு அது உறுத்தாது. ரொறன்ரோத் தமிழரில் பலருக்கு விடைகள் வேறு வேறு. அந்த முடிச்சைப் பிரித்து, கட்டம் எதைக் கேட்க வேண்டும், எப்போது கேட்கலாகாது, கிடைத்த விடையை எப்படிப் பதிய வேண்டும் என்று இங்கே பார்க்கலாம்.

நடைமுறையிலுள்ள மூன்று பார்வைகள்

முதலாவது, புள்ளிவிபர அலுவலகத்தின் பார்வை. கனடாவில் நான்கு வீட்டுக்கு ஒரு வீடு பெறும் நீண்ட வினாக்கொத்து, பிறந்த இடத்தை இன்றைய எல்லைகளின்படி, ஒரே ஒரு விடையாகத் தருமாறு கேட்கிறது. கனடாவில் பிறந்தவர் மாகாணத்தைக் குறிப்பார். வெளியே பிறந்தவர் நாட்டை எழுதுவார். இங்கிலாந்தின் 2011ஆம் ஆண்டு மதிப்பீடும் நாட்டின் இன்றைய பெயரையே எழுதச் சொன்னது. ஒப்பிடுவதற்கு ஓர் ஒழுங்கு வேண்டும் என்பதால் இதில் நியாயம் உண்டு. ஆனால் வரலாற்றுக் கணக்கைச் செய்யும் பொறுப்பு விடையளிப்பவர் தலையில் விழுகிறது. 1950இல் புதுச்சேரியில் பிறந்தவர் பிரெஞ்சு ஆட்சிப் பகுதியில் பிறந்தவர். அந்த ஊர் 1954 நவம்பரில் நடைமுறையிலும் 1962 ஓகஸ்டில் சட்டப்படியும் இந்தியாவோடு சேர்ந்தது. இன்றைய எல்லைப்படி விடை இந்தியா. அதை எழுபது வயது தாண்டிய ஒருவர் தானே தீர்த்து எழுத வேண்டுமா, ஊர்ப் பெயரைப் பெற்றுக்கொண்டு அலுவலகம் தீர்க்க வேண்டுமா? வரைபடமும் வரலாறும் கையில் வைத்திருப்பது அலுவலகம்தான். வேலையும் அதனுடையதாகவே இருக்க வேண்டும்.

இரண்டாவது, பயண ஆவணங்களின் பார்வை. படிவம் வடிவமைப்போர் இதைக் கூர்ந்து படிக்க வேண்டும் என்பது என் எண்ணம். கடவுச்சீட்டுகளுக்கான அனைத்துலக விதிகளை வகுக்கும் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 9303ஆம் இலக்க ஆவணத்தில் பிறந்த இடம் கட்டாயமில்லாத ஒரு விபரம். கடவுச்சீட்டின் அடியில் இயந்திரம் வாசிக்கும் இரண்டு வரிகளில் அது இடம்பெறுவதே இல்லை. அங்கே இருப்பது குடியுரிமைக் குறியீடு. நாடற்றவருக்கு ஒன்று, 1951ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படியான அகதிக்கு இன்னொன்று என அதிலும் தனிக் குறியீடுகள் உண்டு. சுவிற்சர்லாந்தின் கடவுச்சீட்டில் பிறந்த இடம் அச்சாவதில்லை. குடியுரிமைக்கு உரிய சொந்த ஊர் என்ற வேறொரு விபரம் அச்சாகிறது. யாழ்ப்பாணத்தில் பிறந்து பேர்ண் நகரில் குடியுரிமை பெற்றவரின் ஆவணத்தில் யாழ்ப்பாணம் எங்கும் இராது. அவரே பின்னர் குடும்பத்தோடு ரொறன்ரோவுக்கு வந்தால், எண்ணற்ற படிவங்கள் கேட்கும் பிறந்த நாட்டை அவருடைய கடவுச்சீட்டு சொல்லாது.

கனடியக் கடவுச்சீட்டில் பிறந்த ஊரும் நாட்டின் மூன்றெழுத்துக் குறியீடும் அச்சாகும். ஆனால் அதை நீக்கித் தருமாறு விண்ணப்பிக்க ஒரு தனிப் படிவமே இருக்கிறது. ஜெரூசலேமில் பிறந்தவர்களுக்கு ஊரை மட்டும் அச்சிட்டு நாட்டை வெறுமையாக விடுவது கனடாவின் வழக்கம். தன் பிறந்த நாடு இஸ்ரேல் என்று அச்சாக வேண்டும் எனக் கோரிய கனடிய இளைஞர் ஒருவரின் வழக்கை 2007இல் கூட்டாட்சி மேன்முறையீட்டு நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அந்தத் தீர்ப்பின் சரி பிழை வேறு விடயம். பிறந்த நாடு என்ற கட்டம் வெறுமையாக இருக்கலாம் என்பதை ஓர் அரசே தன் மிக முக்கியமான ஆவணத்தில் ஏற்றுக்கொண்டிருக்கிறது என்பதே இங்கு கவனிக்க வேண்டியது. அந்தக் கட்டத்தில் சிவப்பு நட்சத்திரம் போட்டு, நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போக விடாத சாதாரண இணையப் படிவம் கடவுச்சீட்டைவிடக் கடுமையானது.

மூன்றாவது, கணினிப் பட்டியலின் பார்வை. உலகெங்கும் பெரும்பாலான படிவங்கள் ஐஎஸ்ஓ 3166 என்ற தரத்தின் 249 பெயர்களை எடுத்தாளுகின்றன. அது நடுநிலையான பட்டியல் என்ற எண்ணம் பரவலாக உண்டு. அதிலும் அரசியல் இருக்கிறது: தாய்வான் சீனாவின் மாகாணமாகவே அதில் எழுதப்பட்டிருக்கிறது, 2008இல் கனடா அங்கீகரித்த கொசோவோவுக்கு முறையான குறியீடு இல்லை. மறைந்துபோன நாடுகளுக்கென்று அதே தரத்தில் ஒரு பகுதி உண்டு. சோவியத் ஒன்றியம், யூகோஸ்லாவியா, பர்மா ஆகியவற்றுக்கு அங்கே பழைய குறியீடுகள் காக்கப்படுகின்றன. சிலோனுக்கு இல்லை. சிலோன் என்ற பெயர் 1972 மே 22இல் சிறீலங்கா ஆனது. தரத்தின் முதற் பதிப்பு வெளிவந்தது 1974இல். இரண்டாண்டு இடைவெளியில் ஒரு நாட்டின் பெயர் பட்டியலுக்கு வெளியே நின்றுவிட்டது. அந்தத் திகதிக்கு முன் இலங்கையில் பிறந்து இன்று ரொறன்ரோவில் வாழும் ஈழத்தமிழர் அனைவரும் சிலோன் என்ற பெயரின் கீழ் பிறந்தவர்கள்தான்.

1948: பிறந்த இடத்தைக் கேட்டே குடியுரிமையைப் பறித்த சட்டம்

பிறந்த இடக் கேள்வி தீங்கற்றது என்று தமிழர் எளிதில் நம்பமாட்டார்கள். அதற்கு இலங்கையின் மலையகத் தோட்டங்களில் வாழ்ந்த இந்திய வம்சாவளித் தமிழரின் வரலாறு போதும். சுதந்திரம் கிடைத்த அதே ஆண்டில் நிறைவேறிய 18ஆம் இலக்க இலங்கைக் குடியுரிமைச் சட்டம், அந்தத் தீவில் பிறந்திருப்பதை மட்டும் போதுமானதாக ஏற்கவில்லை. சட்டம் நடைமுறைக்கு வருமுன் அங்கே பிறந்தவர், தன் தந்தை இலங்கையில் பிறந்தவர் என்றோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்தவர்கள் என்றோ நிறுவ வேண்டும். தோட்டத்து லயத்தில் பிறந்து லயத்தில் இறந்த ஒரு தொழிலாளியின் தந்தை எங்கே பிறந்தார் என்பதற்குக் காகிதம் எங்கிருந்து வரும்? தோட்டத் தொழிலாளரில் பெரும்பாலானோர் ஒரே சட்டத்தில் நாடற்றவர்கள் ஆனார்கள்.

இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையே 1964 ஒக்ரோபரில் கையெழுத்தான சிறீமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை எண்ணிக்கையாகப் பங்கிட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பிறகு பேசித் தீர்க்க. 1974இல் அந்த எஞ்சியோரும் பாதிப் பாதியாகப் பிரிக்கப்பட்டனர். இந்தியாவுக்கென ஒதுக்கப்பட்டோரில் பலர் அதற்குமுன் ஒருநாளும் இந்தியாவைக் கண்டதில்லை.

இந்த வரலாற்றை ஒரு படிவத்தில் வைத்துப் பார்ப்போம். 1949இல் மலையகத்தின் ஹற்றனுக்கு அருகே ஒரு தோட்டத்தில் பிறந்த பெண் ஒருவர். பிறக்கும்போதே அவருக்கு நாடில்லை. ஒப்பந்தத்தின்படி இந்தியக் குடியுரிமை பெற்று, எழுபதுகளில் கப்பலேறி, நீலகிரியில் தாயகம் திரும்பியோருக்கென்று அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்கிறார். முதுமையில் மகன் அழைத்துவர ரொறன்ரோவின் ஸ்காபரோவுக்கு வருகிறார். பிறந்த மண் ஹற்றன். பிறந்தபோது நாட்டின் பெயர் சிலோன்; பட்டியலில் இருப்பது சிறீலங்கா. குடியுரிமை இந்தியா, ஆனால் அது பிறப்பால் வந்ததல்ல. கட்டத்தில் இந்தியா என்று எழுதினால், பிறந்த ஊரைக் காட்டும் கடவுச்சீட்டோடு அது முரண்படும். சிறீலங்கா என்று எழுதினால், அதைப் பார்க்கும் அலுவலர் இலங்கைக் கடவுச்சீட்டைக் கேட்கக்கூடும். இரண்டிலும் அந்த அம்மாதான் விளக்கம் சொல்ல வேண்டியவர் ஆகிறார். தன் வாழ்க்கையில் எதையும் மறைக்காத ஒருவரைச் சந்தேகத்துக்குரியவராய் நிறுத்தும் படிவம் பிழையான படிவம்.

முகாமிலும் ஐரோப்பாவிலும் பிறந்தவர்கள்

இதற்கு நேர் எதிரான நிலை 1983 இனக்கலவரத்துக்குப் பின் இலங்கைக்கு வெளியே பிறந்தவர்களுடையது. தமிழ்நாட்டு அகதி முகாம்களில் பிறந்த பிள்ளைகளுக்குப் பிறந்த நாடு இந்தியா என்பதில் ஐயமில்லை. ஆனால் 1987 யூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடியுரிமை உடையவராக இருந்தால்தான் பிறப்பால் குடியுரிமை. 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த பெண் ஒருவருக்குக் கடவுச்சீட்டு வழங்குமாறு 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது, அவர் அந்த எல்லைத் திகதிக்கு முன் பிறந்துவிட்டதால்தான். அதே முகாமில் இரண்டாண்டு கழித்துப் பிறந்த பிள்ளைக்கு அந்த வழி இல்லை.

ஜேர்மனியிலும் அப்படித்தான். 2000ஆம் ஆண்டுக்கு முன் அங்கே வெளிநாட்டுப் பெற்றோருக்குப் பிறந்த பிள்ளை பிறப்பால் ஜேர்மன் குடியுரிமை பெறவில்லை. 1986 ஓகஸ்டில் நியூபவுண்லாந்துக் கரைக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளில் கண்டெடுக்கப்பட்ட 155 தமிழர்கள் கப்பலேறியது மேற்கு ஜேர்மனியிலிருந்துதான். பின்னாளில் ஜேர்மனி, பிரான்ஸ், நோர்வே ஆகிய நாடுகளிலிருந்து ரொறன்ரோவுக்கு வந்த குடும்பங்களில் அண்ணன் பிறந்த நாடு ஒன்று, தம்பி பிறந்த நாடு ஒன்று, தங்கை பிறந்தது கனடா என்பது சாதாரணம்.

ஆகவே பிறந்த நாட்டை வைத்துத் தமிழரை எண்ணும் பழக்கம் நிற்க வேண்டும். இலங்கையில் பிறந்தோர் என்ற எண்ணிக்கைக்குள் சிங்களவரும் முஸ்லிம்களும் இருக்கிறார்கள்; சென்னையிலும் சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் ஜேர்மனியின் டோட்மண்டிலும் பிறந்த தமிழர் அதில் இல்லை; ஸ்காபரோவில் பிறந்த ஒரு தலைமுறையே அதில் இல்லை. மொழி வேண்டுமானால் மொழியைக் கேட்கலாம், இனம் வேண்டுமானால் இனத்தைக் கேட்கலாம். குடிசன மதிப்பீடு இவற்றையும் பெற்றோர் பிறந்த இடத்தையும் தனித்தனியே கேட்பது அதனால்தான்.

தமிழீழம் என்று எழுத விரும்புவோரும் நம்மிடையே உண்டு. அது எந்தப் பட்டியலிலும் இல்லை. அவர்கள் சொல்ல வருவது, தன்னை எந்த மக்களோடு சேர்த்து எண்ணுகிறார் என்ற நான்காவது கேள்விக்கான விடை. கட்டம் கேட்பதாக நினைப்பது பிறந்த மண் எது என்ற முதலாவதை. படிவம் ஊரின் பெயரைக் கேட்டிருந்தால் வல்வெட்டித்துறை என்றோ மூதூர் என்றோ எந்த மனத்தடையும் இல்லாமல் எழுதியிருப்பார்கள். அலுவலகத்துக்கு வேண்டிய குறியீடும் அதிலிருந்தே கிடைத்திருக்கும்.

திரைக்குள் நடப்பது

கனடியக் குடிவரவுத் திணைக்களத்தின் பொது விண்ணப்பப் படிவம் பிறந்த ஊருக்கு ஒரு கட்டமும் பிறந்த நாடு அல்லது பிரதேசத்துக்கு இன்னொரு கட்டமும் தருகிறது. குடியுரிமையைத் தனியே கேட்கிறது, இப்போது வாழும் நாட்டை வேறாகக் கேட்கிறது. நல்ல அடிப்படை இது. சிக்கல் பெரும்பாலும் வணிக நிறுவனங்களும் சிறு அமைப்புகளும் ஆயத்தப் பட்டியலை எடுத்துப் போடும் படிவங்களில் வருகிறது.

அப்படியொரு படிவத்தைக் கைத்தொலைபேசியில் திறந்தால் பட்டியலின் தலையில் கனடாவும் ஐக்கிய அமெரிக்காவும் நிற்கும். சிலவற்றில் கனடா முன்கூட்டியே தெரிவாகியிருக்கும். முகவரிக்கு அது வசதி. பிறந்த நாட்டுக்கு அது பிழையான விடையை மௌனமாகப் பதிந்துவிடும் வழி. யாரும் தொடாமல் விட்டால் ஸ்காபரோவின் முதியவர்கள் எல்லாரும் கனடாவில் பிறந்தவர்கள் ஆகிவிடுவார்கள். எந்த எச்சரிக்கையும் வராது.

உலாவியின் தன்னியக்க நிரப்பல் இன்னும் நுட்பமான இடர். எச்டிஎம்எல் தரத்தில் உலாவிக்குச் சொல்லிவைக்கும் விபரப் பெயர்களில் பிறந்த திகதிக்கு ஒன்று இருக்கிறது. நாட்டுக்கும் இருக்கிறது, ஆனால் அது முகவரியில் வரும் நாடு. பிறந்த நாட்டுக்கென்று ஒன்று இல்லை. வடிவமைப்பவர் நாடு என்ற பெயரையே இந்தக் கட்டத்துக்கும் கொடுத்துவிட்டால், தெருவையும் அஞ்சல் குறியீட்டையும் நிரப்பும் அதே வேகத்தில் உலாவி பிறந்த நாட்டிலும் கனடா என்று நிரப்பும். மேலே திரும்பிப் போய்ப் பார்க்காதவருக்கு அது தெரியவே வராது. கட்டத்துக்குத் தனிப்பெயர் இட்டு, அதில் தன்னியக்க நிரப்பலை அணைத்து வைப்பது ஒரு வரி வேலை.

அடுத்தது தேடல். ஆங்கில அகரவரிசையில் தென்னாபிரிக்கா, தென் சூடான், ஸ்பெயின், சிறீலங்கா, சூடான் என்று நெருக்கமாக வரும். கை நடுங்கும் ஒருவர் ஒரு வரி தவறித் தொட்டால் சூடான். சிலோன் என்று தட்டத் தொடங்கியவருக்கு ஒன்றுமே கிடைக்காது. பிரித்தானிய அரசின் இணையச் சேவைகளுக்காக உருவான நாட்டுத் தேடல் கட்டம் இதற்கு ஒரு வழி காட்டியிருக்கிறது: டொய்ச்லாண்ட் என்று தட்டினாலும் ஜேர்மனியைக் காட்டும். அதே முறையில் சிலோன், ஈழம், பர்மா, மலாயா, பாண்டிச்சேரி ஆகிய பெயர்களையும் இன்றைய குறியீடுகளோடு பிணைத்து வைக்கலாம். தமிழில் தரும் படிவமென்றால் ஜேர்மனியும் ஜெர்மனியும், நோர்வேயும் நார்வேயும் ஒரே இடத்துக்கு இட்டுச்செல்ல வேண்டும். பட்டியலும் தமிழ் அகரவரிசையில் இருக்க வேண்டும். மொழிபெயர்த்த பெயர்களை ஆங்கில வரிசையிலேயே விட்டுவிட்டால், இலங்கையைத் தேடுபவர் பட்டியலை முடிவுவரை உருட்ட வேண்டியதுதான்.

கேட்கத்தான் வேண்டுமா

ஒன்ராறியோ மனித உரிமைச் சட்டக்கோவை பிறந்து வந்த இடத்தைப் பாகுபாட்டுக்கு ஆளாகக்கூடாத அடிப்படைகளில் ஒன்றாகக் காக்கிறது. வேலை விண்ணப்பப் படிவமோ வாய்மொழிக் கேள்வியோ இத்தகைய அடிப்படையில் விண்ணப்பதாரரை நேரடியாகவோ மறைமுகமாகவோ வகைப்படுத்தினால், 23ஆம் பிரிவின்படி அதுவே உரிமை மீறல். வேலை விண்ணப்பத்தில் இந்தக் கட்டத்துக்கு இடமே இல்லை என்றே இதைப் படிக்க வேண்டும்.

தேவையுள்ள இடங்களும் உண்டு. காசநோய் ஆபத்தை மதிப்பிடும் மருத்துவருக்கு நோயாளி எங்கே பிறந்தார், எங்கே வாழ்ந்தார் என்பது பயன்படும். அமெரிக்காவோடு 2014இல் செய்த வரித் தகவல் உடன்படிக்கையின் கீழ், கணக்கு வைத்திருப்பவர் அமெரிக்காவில் பிறந்தவர் என்பதைக் கனடிய வங்கிகள் ஓர் அறிகுறியாகக் கொள்கின்றன. அங்கே வேண்டியது ஆம், இல்லை என்ற விடை மட்டுமே. 249 நாடுகளின் பட்டியல் வேண்டியதில்லை. மவுண்ட் சினாய், சென்ற் மைக்கேல்ஸ், போதைத்தடுப்பு மனநல நிலையம் ஆகிய மூன்று மருத்துவமனைகளும் ரொறன்ரோ பொதுச் சுகாதாரப் பிரிவும் சேர்ந்து நடத்தி 2013இல் அறிக்கை வெளியிட்ட திட்டம் இந்த விடயத்தில் அளவறிந்து நடந்தது. கனடாவில் பிறந்தீர்களா, இல்லையென்றால் எந்த ஆண்டு வந்தீர்கள் என்றுதான் கேட்டது. தெரியாது என்றும் சொல்ல விரும்பவில்லை என்றும் விடையளிக்க இடம் இருந்தது. எதற்காகக் கேட்கிறோம் என்ற விளக்கமும் முன்வைக்கப்பட்டது.

தேவையில்லாமல் சேர்த்து வைத்தால் என்ன கெட்டுவிடும் என்று கேட்போர் உண்டு. 2002ஐ நினைவுபடுத்துவேன். அந்த ஆண்டு ஒக்ரோபரில், ஈரான், ஈராக், லிபியா, சூடான், சிரியா ஆகிய நாடுகளில் பிறந்த கனடியக் குடிமக்கள் அமெரிக்காவுக்குப் போவதைக் குறித்து மீண்டும் யோசிக்குமாறு கனடிய வெளிவிவகார அமைச்சே எச்சரித்தது. அமெரிக்க எல்லையில் அவர்களிடம் விரலடையாளம் எடுத்துப் பதிவு செய்யும் புதிய நடைமுறை வந்திருந்தது. கனடியக் கடவுச்சீட்டு கையில் இருந்தும் பிறந்த நாடு முந்திக்கொண்டது. மேலே சொன்ன ஒரு வரித் தவறுதலில் சிறீலங்கா சூடானாக மாறினால் என்ன ஆகும் என்பதை இதோடு சேர்த்து எண்ணிப் பார்க்கலாம். இன்றும் அமெரிக்க நிரந்தர வதிவிட வரிசையில் குடியுரிமை எண்ணப்படுவதில்லை. பிறந்த நாடே எண்ணப்படுகிறது. சென்னையில் பிறந்து ரொறன்ரோவில் வளர்ந்து கனடியரான பொறியியலாளர் நிற்பது இந்தியாவின் நீண்ட வரிசையில்தான்.

கட்டத்தை எப்படி அமைப்பது

பிறந்த ஊரைச் சுதந்திரமாக எழுதவிடும் கட்டம் முதலில் வர வேண்டும். நாடு அதற்குப் பின், ஒரு முன்மொழிவாக: யாழ்ப்பாணம் என்று எழுதியதும் இலங்கை என்று காட்டி, சரியா என்று கேட்கலாம். ஒரே பெயரில் பல நாடுகளில் ஊர்கள் இருப்பதால் முடிவு எழுதுபவருடையதாகவே இருக்க வேண்டும்.

தரவுத்தளத்தில் இரண்டு நிரல்கள் வேண்டும் என்பது என் முக்கிய பரிந்துரை. ஒன்றில் ஒருவர் சொன்னது சொன்னபடியே இருக்கட்டும்: ஹற்றன், சிலோன். மற்றதில் அலுவலகம் தன் தேவைக்கு இட்ட குறியீடு, அது எந்த ஆண்டுப் பட்டியலின்படி இடப்பட்டது என்ற குறிப்போடு. இன்று பல தரவுத்தளங்களில் குறியீடு மட்டுமே எஞ்சுகிறது. எல்லைகள் மாறும்போதும் பெயர்கள் மாறும்போதும் மூல விடை இல்லாமல் எதையும் திருத்த முடியாது. செலவு அதிகமாகும் என்ற மறுப்பை நான் ஏற்கவில்லை. ஒரு நிரலுக்கான சேமிப்பிடம் இன்று ஒரு பொருட்டல்ல. குறியீட்டிலிருந்து குடியுரிமையையோ இனத்தையோ கணினி தானாக ஊகித்து எங்கும் எழுதக்கூடாது. தெரியாது, சொல்ல விரும்பவில்லை ஆகிய இரண்டும் முழுமையான விடைகளாக ஏற்கப்பட வேண்டும்.

ஒரு படிவத்தை வெளியிடுமுன் ஐந்து பேரின் வாழ்க்கையை வைத்துச் சோதித்துப் பார்க்கலாம்: 1949இல் ஹற்றனில் பிறந்த இந்தியக் குடிமகள், 1950இல் புதுச்சேரியில் பிறந்தவர், மலாயா ரயில்வேயில் எழுதுவினைஞராக இருந்த யாழ்ப்பாணத் தந்தைக்கு 1938இல் சிரம்பானில் பிறந்தவர், 1988இல் மண்டபம் முகாமில் பிறந்தவர், 1995இல் டோட்மண்டில் இலங்கைப் பெற்றோருக்குப் பிறந்தவர். இந்த ஐவரும் யாரையும் தொலைபேசியில் அழைக்காமல், எதையும் பொய்யாக எழுதாமல் அந்தப் பக்கத்தைக் கடந்து போக முடிகிறதா என்று பார்க்க வேண்டும். ஸ்காபரோவின் முதியோர் சங்கமொன்றில் ஒரு பிற்பகல் உட்கார்ந்தால் இந்தச் சோதனையைச் செய்துவிடலாம்.